காய்ந்துவிட்டதா, காய்ந்துபோனதா? காரைக்குடி ஜெராக்ஸ் நோட்ஸில் 'டிரை அவுட்' பாடம்

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் விடுதி வரவேற்பறை, சமையல்கட்டு, பழம்பொருள் கடை, வழிகாட்டி வேலை என்று வெளிநாட்டு விருந்தாளிகளோடு பேசிப் பிழைக்கிறவர்களுக்காக நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் ஒரு ஜெராக்ஸ் கட்டு கைமாறிக்கொண்டிருக்கிறது. தொகுத்தவர் பெயர் இல்லை, பதிப்பகம் இல்லை. ஸ்பைரல் போட்டு மேலே ஒரு பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். ஜெராக்ஸ் கூலிதான் விலை. கட்டு முழுக்க ஆங்கிலத்தின் ஜோடி வினைகள்: 'கெட் அப்', 'புட் ஆஃப்', 'ரன் அவுட்' வகையறா. இந்த மதிப்புரை அதிலுள்ள நான்காவது பாடத்தைப் பற்றி மட்டும். 14 பக்கம், 60 வாக்கியம், கடைசியில் விடை. தலைச்சொல் 'டிரை அவுட்', அதாவது ஈரம் போய்க் காய்வது.

ஒரு பாடத்துக்கு இவ்வளவு நீட்டி முழக்க வேண்டுமா என்றால், செட்டிநாட்டில் வேண்டும். இங்கே விருந்தாளிக்கு எதைக் காட்டி விளக்கினாலும் ஈரம் குறுக்கே வந்து நிற்கும். ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூவேலைச் சிமென்ட் ஓடு) தொட்டித் தண்ணீரில் ஊறினால்தான் உறுதிப்படும். வத்தலில் தண்ணீர் ஒட்டுமொத்தமாகப் போனால்தான் அது வருஷம் தாங்கும். கொட்டான் என்னும் கூடை பின்னும் ஓலை பாதி ஈரத்தில் இருக்க வேண்டும். தேக்குத் தூணில் ஈரம் மெதுவாகத்தான் இறங்க வேண்டும், சட்டென்று இறங்கினால் வெடிக்கும். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினை வந்து உட்காருகிறது. அதைத் தப்பாகச் சொன்னால் நல்ல சரக்கைக் கெட்ட சரக்கு என்று நாமே விளம்பரம் செய்தது போல ஆகிவிடும்.

நோட்ஸின் முதல் கோளாறு முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்காக எல்லா வாக்கியத்தையும் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஈரம் போவதற்கும் 'ட்ரை' என்று எழுதி, முயன்று பார்ப்பதற்கும் 'ட்ரை' என்றே எழுதியிருக்கிறார்கள். 22-ஆம் வாக்கியம் 'ப்ளீஸ் ட்ரை இட் அவுட்'. மோர்மிளகாயைக் காயவைக்கச் சொல்கிறதா, கடித்துப் பார்க்கச் சொல்கிறதா? விடைப் பக்கத்தில் 'சுவைத்துப் பாருங்கள்' என்று இருக்கிறது. அதுவும் சரியில்லை. சாப்பாட்டுக்கு வெறும் 'ட்ரை இட்' போதும். சேலையை மேலே போட்டுப் பார்ப்பதற்கு 'ட்ரை இட் ஆன்'. மிக்ஸியையோ கேமராவையோ ஓட்டிப் பார்ப்பதற்குத்தான் 'ட்ரை இட் அவுட்'.

இந்த மதிப்புரையில் ஈரம் போவது 'டிரை', முயல்வது 'ட்ரை' என்றே வைத்துக்கொள்வோம். நோட்ஸ் வைத்திருப்பவர்கள் பேனாவை எடுத்து இந்த ஒரு திருத்தத்தை முதலில் போட்டுவிடுவது நல்லது. வாயில் வித்தியாசம் வர ஒரு வழி: தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும். 'டிரை'க்கு நாக்கு எழும்பும்போதே தொண்டை அதிரும். 'ட்ரை'க்கு முதலில் காற்று புஸ்ஸென்று வெளியே வரும், அதிர்வு அதற்கப்புறம்தான். உதட்டுக்கு முன்னால் ஒரு கீற்று டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால் 'ட்ரை'க்கு நன்றாக ஆடும், 'டிரை'க்குக் கொஞ்சமாக அசையும். சொல்லும்போது அழுத்தம் 'டிரை'யில் விழாமல் 'அவுட்'டில் விழ வேண்டும். இதை நோட்ஸ் சொல்லவே இல்லை. பேச்சுக்கென்று எழுதிய நோட்ஸில் இது பெரிய குறை.

இனிப் பொருளுக்கு வருவோம். பாடம் கொடுக்கும் பொருள் ஒரே ஒரு வரி: 'டிரை அவுட் என்றால் உலர்ந்துபோதல்'. இந்தச் சமன்பாட்டை வைத்துக்கொண்டு அறுபது வாக்கியத்தையும் ஓட்டியிருக்கிறார்கள். பாதி சரியாக வருகிறது, பாதி கவிழ்கிறது.

ஏன் கவிழ்கிறது என்பது தமிழைக் கவனித்தாலே தெரியும். 'வத்தல் காய்ந்துவிட்டது' என்றால் வேலை முடிந்தது, டப்பாவில் அடைக்கலாம். 'இடியாப்பம் காய்ந்துபோச்சு' என்றால் யாரோ மூடாமல் வைத்துவிட்டார்கள், விருந்தாளிக்கு வைக்க முடியாது. 'விடு' போட்டால் முடிந்தது, 'போ' போட்டால் கெட்டது. நாம் யோசிக்காமலே இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஆங்கிலத்து 'அவுட்' இப்படி இரண்டாகப் பிரித்துச் சொல்லாது. உள்ளே ஊறியிருந்த ஈரம் வெளியேறிவிட்டது என்று மட்டும்தான் அது சொல்லும். நல்லதா கெட்டதா என்பதைப் பொருள்தான் முடிவு செய்யும். ஈரம் இருக்க வேண்டிய பொருளானால் புகார், போக வேண்டிய பொருளானால் திருப்தி. 'தி வத்தல் ஹாஸ் டிரைடு அவுட்' என்றால் சபாஷ். 'தி கேக் ஹாஸ் டிரைடு அவுட்' என்றால் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான். வினை ஒன்றுதான், முகபாவம்தான் வேறு.

இந்த ஒரு விஷயத்தை நோட்ஸ் முதல் பக்கத்தில் போட்டிருந்தால் மீதி 13 பக்கமும் தானாக விளங்கியிருக்கும்.

வினை வடிவங்களுக்கு இரண்டாம் பக்கம். இது பரவாயில்லை ரகம். 'டிரை', 'டிரைஸ்', 'டிரைடு', 'டிரையிங்' நான்கும் அட்டவணையாக இருக்கின்றன. எழுத்துக்கூட்டலில் கடைசி ஒய், 'டிரைஸ்', 'டிரைடு' இரண்டிலும் ஐ ஆக மாறும், 'டிரையிங்'கில் மாறாது என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். சொல்லாமல் விட்டது இங்கே எல்லோரும் செய்யும் தப்பு: 'இட் இஸ் டிரை அவுட்'. 'காய்ந்திருக்கிறது' என்பதில் உள்ள 'இருக்கிறது' அப்படியே 'இஸ்' ஆகி வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'இட் ஹாஸ் டிரைடு அவுட்' என்றோ 'இட் இஸ் டிரைடு அவுட்' என்றோ சொல்ல வேண்டும். முன்னது நடந்ததைச் சொல்கிறது, பின்னது இப்போதைய நிலையை. பேச்சில் இரண்டும் 'இட்ஸ்' என்று சுருங்கிவிடுவதால் 'இட்ஸ் டிரைடு அவுட்' என்று ஒரே மாதிரி சொல்லிவிட்டால் யாருக்கும் வம்பில்லை.

அடுத்து 'அது' எங்கே உட்காரும் என்ற கேள்வி. 'ஏசி டிரைஸ் அவுட் தி வுட்' சரி. 'ஏசி டிரைஸ் தி வுட் அவுட்' என்பதும் சரி. ஆனால் 'தி வுட்' என்பதற்குப் பதிலாக 'இட்' வந்தால் நடுவில்தான் வரவேண்டும்: 'ஏசி டிரைஸ் இட் அவுட்'. 'டிரைஸ் அவுட் இட்' என்று ஆங்கிலம் பேசுகிறவர் யாரும் சொல்ல மாட்டார். நோட்ஸில் 31-ஆம் வாக்கியமும் 47-ஆம் வாக்கியமும் இந்த விதியை மீறியிருக்கின்றன. தட்டச்சுப் பிழையாகவே இருக்கட்டும், மனப்பாடம் செய்கிறவருக்குப் பிழை என்று எப்படித் தெரியும்?

நோட்ஸின் உயிர் 5 முதல் 9 வரையுள்ள பக்கங்கள். ஊரிலுள்ள ஒவ்வொரு வேலையாக எடுத்து வாக்கியம் கட்டியிருக்கிறார்கள். 'தி டவல் டிரைடு அவுட் ஆன் தி பால்கனி' போன்ற எந்த ஊருக்கும் பொருந்தும் வாக்கியங்களை விட்டுவிட்டு இங்கே வந்தது பாராட்ட வேண்டிய விஷயம்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிய பகுதி இதில் மிக நன்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்து, மேலே உலர்ந்த மணல் சிமென்ட் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுவது வரை சின்னச் சின்ன வாக்கியங்களாகக் கொடுத்திருக்கிறார்கள். கல் இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் கிடக்கும். பிறகு வெளியே எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தானாகக் கழன்று, பளபளப்பான முகம் தெரியும். இந்த இடத்தில் நோட்ஸ் சொல்லும் வாக்கியம்: 'வி கீப் தி டைல்ஸ் இன் வாட்டர் சோ தட் தே டோன்ட் டிரை அவுட் டூ சூன்'. சரியான வாக்கியம், இதை அப்படியே மனப்பாடம் செய்யலாம். காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துக்கொண்டால் விருந்தாளி தலையாட்டுவார்: சிமென்ட் உறுதியாவது தண்ணீரோடு வினைபுரிவதால். தண்ணீர் முன்கூட்டியே போய்விட்டால் வினை பாதியில் நின்று, கல்லின் முகம் பொடியாகத் தேயும், மயிரிழை விரிசல் விழும்.

அந்தத் தவறான சொல் எது என்றால், இதற்கு முந்தைய வாக்கியத்தில் 'தி சிமென்ட் டிரைஸ் இன் ஒன் டே' என்று எழுதியிருப்பது. சிமென்ட் காய்வதில்லை, இறுகுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு 'செட்'. தொட்டியில் ஊறி உறுதிப்படுவதற்கு 'க்யூர்'. 'இட் செட்ஸ் இன் எ டே, தென் வி க்யூர் இட் இன் வாட்டர்'. கட்டிடக்கலை படித்துவிட்டு இந்த வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. அவர்கள் முன்னால் 'டிரைஸ்' என்றால் இந்த வழிகாட்டிக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடுவார்கள். வேலை தெரிந்திருக்கும், சொல்தான் தெரியாது. சுண்ணாம்புச் சாந்துக்கும் இதே எச்சரிக்கை. செட்டிநாட்டுச் சுவரின் பளபளப்பைக் காட்டும்போது 'இஃப் தி லைம் டிரைஸ் அவுட் டூ ஃபாஸ்ட், இட் கிராக்ஸ்' என்பது மிகச் சரி. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகுகிறது, அதற்குச் சாந்தில் கொஞ்சம் ஈரம் தங்க வேண்டும்.

மரத்துக்கான பகுதி சுமார். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூணோ நிலைக்கதவோ வாங்கி ஊருக்குக் கப்பலில் அனுப்புகிறவர் கேட்கும் முதல் கேள்வி, வெடிக்குமா என்பதுதான். அதற்கு நோட்ஸ் தரும் பதில் 'தி வுட் இஸ் டிரைடு அவுட், சோ நோ ப்ராப்ளம்'. இது விற்பனையைக் கெடுக்கும் வாக்கியம். 'டிரைடு-அவுட் வுட்' என்று கேட்டதும் ஈரமும் எண்ணெய்ப்பசையும் போய் வறண்டு, விரிசல் விட்ட மரம்தான் மனதில் வரும். திட்டமிட்டுப் பக்குவமாக ஈரம் இறக்கிய மரத்துக்குச் சொல் 'சீசன்டு'. 'திஸ் இஸ் ஓல்டு, வெல்-சீசன்டு பர்மா டீக்' என்றால் பதில் சரி, விலையும் நிற்கும். 'டிரை அவுட்'டை எச்சரிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம்: 'டோன்ட் கீப் இட் நியர் எ ஹீட்டர், இட் வில் டிரை அவுட் அண்ட் ஸ்ப்ளிட்'. மரம் நார் ஓடும் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, குறுக்கேதான் சுருங்கும். அதனால்தான் தூணில் வெடிப்பு மேலிருந்து கீழாக ஓடுகிறது.

கொட்டானுக்கு ஆறே வாக்கியம், ஆறும் முத்து. 'வி வெட் தி பாம் லீஃப் பிஃபோர் வீவிங். வென் இட் டிரைஸ் அவுட், இட் பிகம்ஸ் பிரிட்டில் அண்ட் கிராக்ஸ் அட் தி ஃபோல்ட்'. மடிப்பில் ஒடியும் என்பதை 'அட் தி ஃபோல்ட்' என்று மூன்றே சொல்லில் சொல்லியிருக்கிறார்கள். எழுதியவர் ஓலையைக் கையில் பிடித்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சமையல்கட்டுப் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறார்கள். அதிகப் பிழையும் அங்கேதான்.

உப்புக்கண்டத்தில் தொடங்குவோம். கறியைத் துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் அரைத்த மிளகாயும் பூசி, நூலில் கோத்து, சில நாள் நல்ல வெயிலில் காயவிட்டு எடுத்து வைப்பது. நோட்ஸ் இதற்குக் கொடுத்திருக்கும் மெனு வரி 'டிரைடு அவுட் மட்டன் ஃப்ரை'. ஆங்கிலத்தில் இதைப் படிக்கிறவருக்கு ஏற்படும் எண்ணம்: மதியம் செய்த கறியை அடுப்பிலேயே விட்டுச் வறவறவென்று காயவிட்டு, அதையே இப்போது வறுத்துத் தருகிறார்கள். யார் ஆர்டர் செய்வார்? வேண்டுமென்றே காயவைத்துப் பாதுகாத்த உணவுக்கு 'டிரைடு' மட்டும்தான், 'அவுட்' கூடாது. டிரைடு ஃபிஷ், டிரைடு சில்லி, டிரைடு மேங்கோ போல. வெயிலைச் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது: 'சன்-டிரைடு சால்டட் மட்டன், ஃப்ரைடு'. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டிவரும் 'டிரைடு-அவுட்' ஏறக்குறைய எப்போதுமே குறை சொல்வதுதான். வினையாக வரும்போது இரண்டு முகம், அடைமொழியாக வரும்போது ஒரே முகம். நோட்ஸ் வைத்திருப்பவர்கள் 7-ஆம் பக்க ஓரத்தில் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சுக்காவுக்கும் இதே கதி. நம் ஊர் ஓட்டல் ஆங்கிலத்தில் 'டிரை' என்றால் குழம்பு இல்லாதது. சப்ளையர் 'டிரையா, கிரேவியா?' என்று கேட்டால் நமக்குச் சட்டென்று விளங்கும். வெளிநாட்டார் அகராதியில் கறி 'டிரை' என்பது வசவு, நெஞ்சில் அடைக்கிற கறி என்று பொருள். 'டிரை ஃப்ரை' என்று மெனுவில் போட்டிருப்பதை ஒரே நாளில் மாற்ற முடியாது. மேசையில் சொல்லும்போது 'நோ கிரேவி, தி மசாலா கோட்ஸ் தி மீட்' என்று சேர்த்துவிட்டால் சமாளித்துவிடலாம்.

குழம்பு சுண்டுவதற்கு நோட்ஸ் 'தி குழம்பு இஸ் டிரையிங் அவுட்' என்கிறது. இதுவும் தப்பு. கொதித்து அளவு குறைந்து கெட்டியாவதற்கு 'ரெட்யூஸ்' அல்லது 'பாயில் டவுன்'. 'லெட் இட் ரெட்யூஸ் அன்டில் தி ஆயில் ஃப்ளோட்ஸ்' என்றால் எண்ணெய் பிரிந்து மேலே வரும் பதத்தைக் குறித்ததாகும். கவனிக்காமல் விட்டுத் தண்ணீர் முழுதும் போய்ச் சட்டி அடிப்பிடித்தால் 'தி பாட் பாயில்டு டிரை'. அங்கே 'அவுட்'டும் இல்லை, 'அப்'பும் இல்லை. தமிழில் சுண்டுவது ஒன்று, வற்றுவது ஒன்று, காய்வது ஒன்று என்று மூன்று சொல் தனித்தனியாக இருக்கும்போது மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் கொட்டிக் கவிழ்த்தது பெரிய அவசரம்.

மோர்மிளகாய்க்கான வாக்கியங்கள் மட்டும் செய்முறையாகவே பயன்படும். நோட்ஸில் உள்ள வரிசையைத் திருத்திக் கொடுத்தால் இப்படி வரும்: 'ஸ்லிட் தி சில்லீஸ். சோக் தெம் ஓவர்நைட் இன் சால்டட் பட்டர்மில்க். டிரை தெம் இன் தி சன் பை டே, அண்ட் புட் தெம் பேக் இன் தி பட்டர்மில்க் அட் நைட். ரிப்பீட் அன்டில் தி பட்டர்மில்க் இஸ் ஆல் சோக்டு அப். தென் லெட் தெம் டிரை அவுட் கம்ப்ளீட்லி'. இதில் 'டிரை' எங்கே, 'டிரை அவுட்' எங்கே என்று கவனிக்க வேண்டும். பகலில் வெயிலில் போடுவது வெறும் 'டிரை'. ராத்திரி மறுபடி மோருக்குப் போகப்போகிறது, அதனால் 'அவுட்' இல்லை. கடைசிச் சுற்றில்தான் உள்ளீரம் முழுதும் போக வேண்டும், அங்கே 'டிரை அவுட்'. மிளகாயைக் கையில் எடுத்து ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும், காம்பை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். அவசரப்பட்டு அடைத்தால் பூசணம் பிடிக்கும். 'இஃப் தே ஹாவன்ட் டிரைடு அவுட், தே வில் கோ மோல்டி' என்று முடித்துவிடலாம்.

இடியாப்பத்துக்கு நோட்ஸ் தரும் வாக்கியம் குறை சொல்ல முடியாதது: 'கவர் இட் வித் எ டேம்ப் கிளாத், ஆர் இட் வில் டிரை அவுட்'. 'வெட்' என்று போடாமல் 'டேம்ப்' என்று போட்டிருக்கிறார்கள். பிழிந்த துணி என்பதற்குச் சரியான சொல் அதுதான். சொட்டச் சொட்ட இருந்தால் இடியாப்பம் குழைந்துவிடும்.

10, 11-ஆம் பக்கங்களில் 'டிரை அப்', 'டிரை ஆஃப்' இரண்டையும் பக்கத்தில் வைத்து வேறுபாடு காட்டியிருக்கிறார்கள். விளக்கம் குழப்பமாக இருந்தாலும் ஒரு எடுத்துக்காட்டு அருமை. வெயில் காலத்தில் ஊருணிக் கரையில் நிற்கிறோம். தண்ணீர் இல்லை, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. 'தி வாட்டர் ஹாஸ் டிரைடு அப், அண்ட் தி மட் ஹாஸ் டிரைடு அவுட்'. தண்ணீர் வற்றிப்போனதற்கு 'அப்'. அது இனி இல்லை. மண் இன்னும் இருக்கிறது, அதனுள் இருந்த ஈரம்தான் போயிற்று, ஆகவே 'அவுட்'. கிணறு, ஊற்று, பண வரவு, வேலை எல்லாம் இல்லாமல் போனால் 'அப்'. மழையில் நனைந்து வந்தவர் உடம்பைத் துடைத்துக்கொள்வது 'ஆஃப்', ஏனென்றால் ஈரம் மேலே ஒட்டியிருக்கிறதே தவிர உள்ளே ஊறவில்லை. நனைந்த ஷூவுக்கு 'அவுட்'தான், அது உள்ளேயும் குடித்திருக்கும்.

மாடு பால் வற்றுவதற்கு ஒரு வாக்கியம் இருக்கிறது, 'தி கவ் டிரைடு அவுட்' என்று. இது நேராகச் சிரிப்பு. தானாகப் பால் நின்றால் 'தி கவ் ஹாஸ் கான் டிரை'. கன்று ஈனுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால் வேண்டுமென்றே கறப்பதை நிறுத்துவதற்குத்தான் 'டிரை ஆஃப்'. விடுதி நோட்ஸில் மாடு எதற்கு வந்தது என்று தெரியவில்லை, வந்தது வந்துவிட்டது.

முக்கியமான ஒரு ஆபத்தை நோட்ஸ் சொல்லவே இல்லை. மனிதரைப் பற்றிச் சொல்லும்போது 'டிரை அவுட்' என்றால் குடியை நிறுத்தச் சிகிச்சை எடுப்பது. 18-ஆம் வாக்கியத்தில் மழையில் நனைந்த வழிகாட்டி, 'சாரி சார், ஐ நீட் டு டிரை அவுட்' என்கிறார். ஐப்பசி கார்த்திகையில் இது அடிக்கடி தேவைப்படும் வாக்கியம். கேட்கிற விருந்தாளி சூழ்நிலையைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்றாலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். 'ஐ நீட் டு டிரை ஆஃப்' என்று மாற்றிவிட வேண்டும். மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் கவனம் தேவை. 'தி டிரைவர் இஸ் டிரையிங் அவுட்' என்று சொன்னால் அந்தக் காரில் யார் ஏறுவார்? இதோடு சேர்த்து, அக்டோபர் 2-ஆம் தேதி வருகிறவரிடம் 'டுடே இஸ் டிரை டே' என்றால் வெயில் அடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடும். 'நோ ஆல்கஹால் இஸ் சோல்டு டுடே' என்றே சொல்லிவிடலாம்.

பயிற்சிகளைப் பற்றி. கோடிட்ட இடம் நிரப்புவது 20, பிழை திருத்துவது 10, உரையாடல் இரண்டு. கோடிட்ட இடம் வீண். எல்லா விடையும் 'டிரை அவுட்' என்றிருந்தால் யோசிக்க என்ன இருக்கிறது? 'அவுட்', 'அப்', 'ஆஃப்', வெறும் 'டிரை' நான்கையும் கலந்து கொடுத்திருக்க வேண்டும். உரையாடல் இரண்டில் ஒன்று சமையல்கட்டில் நடக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு மூத்த சமையல்கார ஆச்சி வேலை சொல்லிக்கொடுக்கிறார். பையன், 'ஆச்சி, இந்தப் பணியாரத்தை மூடி வைக்கவா?' என்று தமிழில் கேட்கிறான். அவர், 'ஆமாப்பா, திறந்து வச்சா காஞ்சு போயிரும்' என்கிறார். உடனே மேசையிலிருந்து எழுந்துவந்த விருந்தாளி என்ன பேசுகிறீர்கள் என்று கேட்க, பையன் ஒரே வாக்கியத்தில் விளக்க வேண்டும். இப்படித் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு வாயாலேயே மாற்றவைப்பதுதான் இந்த வேலைக்குத் தேவையான பயிற்சி. இரண்டு பேர் சேர்ந்து செய்தால் பத்து நிமிஷம் ஆகும். ஒருவர் 'காஞ்சிருச்சு' என்றோ 'காஞ்சு போச்சு' என்றோ ஒரு பொருளோடு சேர்த்துச் சொல்ல, மற்றவர் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். குரலில் திருப்தியா, வருத்தமா என்பதும் சேர்ந்து வர வேண்டும்.

வாங்கலாமா? விடுதியிலும் கடையிலும் இருப்பவர்கள் 5 முதல் 9 வரையுள்ள பக்கங்களையும், 10, 11-ஐயும், 13-ஆம் பக்கச் சமையல்கட்டு உரையாடலையும் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டால் போதும். மேலே சொன்ன திருத்தங்களைப் பேனாவில் போட்டுக்கொள்ள வேண்டும், உப்புக்கண்டத்தை முதலில். வழிகாட்டிகள் 18-ஆம் வாக்கியத்தை அடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாம். பள்ளிப் பிள்ளைகளின் பரீட்சைக்கு இது ஆகாது. தமிழ் எழுத்தில் ஆங்கிலம் படித்துவிட்டுப் பரீட்சையில் எழுத்துக்கூட்டலுக்கு மார்க் போய்விடும்.

ஜெராக்ஸ் கடையில் கேட்கும்போது 'நான்காம் பாடம்' என்று சொல்லிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் முழுக் கட்டையும் போட்டு ஸ்பைரலும் குத்திக் கொடுத்துவிடுகிறார்கள். 14-ஆம் பக்க விடைகளில் 41-க்கும் 42-க்கும் இடம் மாறியிருக்கிறது. மார்க்கர் பேனாவுக்கான விடை இட்லிக்கும், இட்லிக்கானது மார்க்கருக்கும் போயிருக்கிறது. 'கீப் தி கேப் ஆன், ஆர் இட் வில் டிரை அவுட்' என்பது பேனாவுக்கானது.